கை உடைந்தால் சிலை வீணா?

கேள்வி: பழங்காலக் கிரேக்கச் சிற்பி பளிங்குச் சிலையை முடிக்கிற நேரத்தில் உளி வழுக்கி ஒரு கை உடைந்துவிட்டால், மொத்த உழைப்பும் வீண்தானா?

பதில்: வீணாகாது. அந்தக் கை அதே கல்லில் இருந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் பெப்லோஸ் கோரே என்றொரு பெண் சிலை இருக்கிறது, கி.மு. 530 வாக்கில் செய்தது. அதன் இடது முழங்கையருகே ஒரு குழி. முன்னால் நீட்டிய கையைத் தனியாகச் செதுக்கி அதில் செருகியிருந்தார்கள். ஒரே கல்லில் செய்வதானால், அந்த ஒரு கைக்காகப் பெரிய பாறை வாங்கிப் பாதியை வெட்டி எறிய வேண்டும். யார் செய்வார்?

அதோடு, கிரேக்கர்கள் தலையை முடித்துவிட்டு மார்புக்கு வருகிறவர்கள் அல்லர். நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி, தோல் உரிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவார்கள். அதனால் முடிக்கிற நேரத்தில் பலமாக அடிக்கிற வேலை மிச்சமிருக்காது. நாக்ஸோஸ் தீவில் அப்போலோனாஸ் அருகே, பத்து மீட்டருக்கு மேல் நீளமான சிலை ஒன்று பாதியிலேயே கைவிடப்பட்டு மலைச்சரிவில் படுத்திருக்கிறது. தாடி தெரிகிறது, விரல் ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்க ஒரே பதம். அதன் காலருகே நின்றபோதுதான், படித்துப் புரியாத விஷயம் எனக்குப் புரிந்தது. குவாரியிலேயே இப்படி வேண்டாத கனத்தைக் குறைத்துவிடுவார்கள். வழியில் இடிபட்டாலும் சேதமாகாதபடி மேலே கொஞ்சம் சதை மிச்சம் இருக்கும்.

சிற்பியின் உண்மையான பயம் வேறு. கூர் உளியைச் செங்குத்தாக அடித்தால் பளிங்கு உள்ளுக்குள் நசுங்கி, வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். அதனால் கடைசிக் கனத்தைக் கூர் உளியால் அடித்து எடுக்காமல், மெல்லச் செதுக்கியும் தேய்த்தும்தான் எடுக்க வேண்டும். பல் உளி, தட்டை உளி, அரம், அப்புறம் நாக்ஸோஸில் கிடைக்கும் எமரி என்ற கடினமான கல்லின் தூள். அதற்கும் மேல் வண்ணம் பூசுவார்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டதற்குக் கூலி?

பதில்: ஏதென்ஸில் எரெக்தியோன் கோயில் கணக்கைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள், கி.மு. 408 வாக்கில். சுவரின் மேல்வரிசைச் சிற்பங்களில் உருவம் ஒன்றுக்கு 60 திராக்மா (கிரேக்க வெள்ளிக் காசு). தேர்ந்த தொழிலாளிக்கு நாள் கூலி ஒரு திராக்மா. குதிரையும் ஆளும் சேர்ந்தால் 120. குதிரைக்கும் மனிதருக்கும் ஒரே விலை! ஒரு பெண்ணும் அவளைக் கட்டிக்கொண்டு நிற்கும் குழந்தையும் 80. ஆகக் குழந்தைக்கு 20தான்.