தோலின் உட்புறம்

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாவது குளிர்காலமாக உரிமம் பெற்று நரிக்கும், வட அமெரிக்காவின் ஓநாயினச் சிறு விலங்கான கயோட்டிக்கும் வேட்டைக்குப் போய் வருகிறேன். சென்ற பருவத்தில் .223 ரெமிங்டன் தோட்டாவில் 55 கிரெயின் (ஏறத்தாழ மூன்றரை கிராம்) குண்டால் சுட்ட இரண்டு செந்நரிகளின் தோல்களும் மறுபக்கம் கிழிந்து விற்க முடியாமல் போயின. .17 ரெமிங்டனுக்கு மாறுவதா, .204 ரூகர் வாங்குவதா? இருக்கும் துப்பாக்கியிலேயே முழு உலோக உறையிட்ட குண்டைப் பயன்படுத்தினால் ஊசி குத்தியது போல இரண்டு சிறு துளைகளோடு முடிந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஒரு நரித்தோலை உட்புறம் திருப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டிருப்பதைத்தான் நானும் சில வாரங்களாக யோசித்து வருகிறேன் என்பதால் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1971இல் வந்த .17 ரெமிங்டன், ஒன்றரை கிராமுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள 25 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 4000 அடி வேகத்தில் அனுப்புகிறது. 2004இல் வந்த .204 ரூகர் 32 கிரெயின் குண்டை அதைவிடவும் சற்று வேகமாகவே அனுப்புகிறது. இரண்டிலும் மெல்லிய உறை கொண்ட குண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்ததும் நொறுங்கி, தன் விசையை அங்கேயே செலவிட்டுவிடுவதால், பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறுவதில்லை. உங்கள் 55 கிரெயின் குண்டோ, ஐந்தாறு கிலோ எடையே உள்ள நரியின் ஒடுங்கிய நெஞ்சில் விரியத் தொடங்கி, விரிந்த நிலையிலேயே வெளியே போகிறது. நீங்கள் பார்த்த கிழிசல் அப்படி உண்டானதுதான். நரிக்கு மட்டும் என்றால் .22 ஹார்னெட் என்ற தோட்டா போதும். 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். என்ற சிறு தோட்டா கிட்டத்தில் நிற்கும் நரிக்கு ஆகும், கயோட்டிக்கு ஆகாது. காற்று, குழல் சுத்தம் முதலியவற்றை ஒரு பருவம் சுட்டால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என்னை வருத்தியது வேறொன்று. துப்பாக்கியின் பெயரையும் குண்டின் எடையையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நரிகள் எந்தப் பக்கம் திரும்பி நின்றன, எவ்வளவு தூரத்தில் நின்றன, சுட்டவுடன் விழுந்தனவா, ஓடி விழுந்தனவா என்று ஒரு வரி இல்லை. தோல் கெட்டதை எழுதத் தெரிந்த உங்களுக்கு, அந்த உயிர் எப்படிப் போனது என்று எழுதத் தோன்றவில்லையா?

எனக்குத் தோலுரிக்கக் கற்றுத் தந்தவர் பொறிவைத்தே வயதான ஒரு மனிதர். நான் கொண்டுபோன முதல் நரியின் உரோமத்தை அவர் தடவிக்கூடப் பார்க்கவில்லை. பின்னங்கால்களின் உட்பக்கம் கீறி, காலுறையைக் கழற்றுவது போலத் தோலை முழுதாக உருவி, உட்புறம் வெளியே வரும்படி பலகையில் ஏற்றினார். உட்புறம் வெண்மையாக இருந்தது. உரோமம் முற்றியிருக்கிறது என்றார். பிறகு முன்தோளருகே இருந்த ஓட்டைக்குள் மூன்று விரல்களை நுழைத்து, "எந்தப் பக்கம் பார்த்து நின்றது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பின்பக்கம் காட்டிச் சாய்வாக நின்றதைக் கடைசி விலா வழியாகச் சுட்டிருந்தேன். குண்டு தோள் எலும்பை உடைத்து, எலும்புச் சில்லுகளையும் சேர்த்துக்கொண்டு வெளியேறியிருந்தது. ஓட்டையின் விளிம்பில் ஒட்டியிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உரோமத்தில் தோய்ந்த இரத்தத்தைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும் என்றார். அப்புறம் ஓட்டையைக் கண் வடிவத்தில் சீராக வெட்டி, முப்பட்டை ஊசியையும் மெழுகிட்ட நூலையும் கையில் கொடுத்தார். ஒவ்வொரு தையலுக்கும் முன்னால் உரோமத்தை ஊசிமுனையால் மறுபக்கம் தள்ளித் தள்ளித் தைத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அந்த மாலைக்குப் பிறகு, விலங்கு பக்கவாட்டில் நின்று, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சு திறந்து தெரியும் வரை நான் விசையைத் தொடுவதில்லை. நொறுங்கும் சிறு குண்டுக்கு இது இன்னும் முக்கியம். அது தோள் எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் மேலேயே சிதறி, தோலையும் கெடுத்து விலங்கையும் நொண்டியாக்கிவிடும்.

முழு உலோக உறைக்கு வருகிறேன். இதில் உங்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அந்தக் குண்டு விரியாத வகையில் செய்யப்பட்டது. நுரையீரலில் ஊசித்துளை போட்டுக்கொண்டு அது போய்விட்டால், விலங்கு உடனே விழாது. பல இடங்களில் வேட்டைக்கு அதைச் சட்டமே தடுத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. தோலுக்காவது நல்லது என்று நினைக்காதீர்கள். வேகமாகப் போகும் .223 குண்டு சதைக்குள் பக்கவாட்டில் புரண்டால் உடைந்தும் போகும். அப்போது கிடைப்பது ஊசித்துளை அல்ல, நீங்கள் தப்ப நினைத்த அதே கிழிசல். உறைந்த தரையில் பட்டால் நொறுங்காமல் தெறித்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை நான் கேட்டறிந்து எழுதவில்லை. உங்களைப் போலவே யாரோ சொன்னதை நம்பி ஒருமுறை அந்தக் குண்டைப் போட்டேன். கயோட்டி பக்கவாட்டில்தான் நின்றது, குறியும் தப்பவில்லை. அது ஒருமுறை துள்ளிவிட்டு ஓடியது. பனியில் தடத்தைப் பிடித்துப் போனேன். எட்டடிக்கு ஒன்றாகக் கடுகளவு சிவப்புப் புள்ளிகள், பிறகு அதுவும் இல்லை. ஓரிடத்தில் படுத்து எழுந்த பள்ளம் இருந்தது. அதன் அடியில் பனி உருகி மறுபடி உறைந்திருந்தது. அவ்வளவு நேரம் படுத்திருக்கிறது. ஓடைக்கரையில் இருட்டு வந்து தடத்தை விழுங்கிவிட்டது. மறுநாள் நண்பகலில் காகங்கள்தான் இடத்தைக் காட்டின. விலாவில் இரண்டு துளைகள் இருந்தன, விரல் நுனிகூட நுழையாது. வயிற்றையும் கண்களையும் பறவைகள் கொத்தித் தீர்த்திருந்தன. அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களை வேட்டைக்கு எடுத்துப் போனதே இல்லை.

ஆகவே புதுத் துப்பாக்கி வாங்குவதானால் .204 ரூகரை வாங்குங்கள், கயோட்டிக்கும் சேர்த்து அது உதவும். வாங்க வசதி இல்லையென்றால், உங்கள் .223இலேயே 40 கிரெயின் நொறுங்கும் குண்டைப் போட்டு முதலில் காகிதத்தில் சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தோல்களையும் தூக்கியெறிந்துவிடவில்லை என்றால், ஈரத்துணியை உட்புறத்தில் பரப்பி விறைப்புத் தளரும் வரை விட்டுவைத்து, ஓட்டைகளைப் படமெடுத்து அனுப்புங்கள். எங்கிருந்து வெட்டி எந்த முனையில் தையலைத் தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன். நரிகள் எந்தப் பக்கம் திரும்பி நின்றன என்பதையும் கூடவே எழுதுங்கள்.