அடித்துச் சொல்ல ஆங்கிலத்தில் எந்தச் சொல்? வாசகர் கேள்வி-பதில்

செங்காங் வாசகி: மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். கட்டுரை முழுக்க ‘ஸே’ என்றே எழுதுவதாக ஆசிரியர் குறித்து அனுப்பினார். இப்போது ‘கிளெய்ம்’, ‘அசர்ட்’, ‘மெய்ன்டெய்ன்’, ‘இன்சிஸ்ட்’ என்று வரிக்கு ஒன்றாக மாற்றிப் போடுகிறாள். அதற்கும் சிவப்பு மை. நான்குக்கும் ‘உறுதியாகச் சொல்’ என்பதுதானே பொருள்?

அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்த வினைகள் சொன்னவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. எழுதுகிறவர் அந்தப் பேச்சை எவ்வளவு நம்புகிறார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. தமிழில் இதை வினையின் வாலில் வைத்திருக்கிறோம். ‘பணம் கட்டிவிட்டான்’ என்றால் அது உண்மை என்பதற்கு நாம் பொறுப்பு. ‘கட்டிவிட்டானாம்’ என்றால் பொறுப்பு நம்முடையதல்ல. ஆங்கிலத்துக்கு அந்த ‘ஆம்’ கிடையாது. அந்த வேலையை வினைச்சொல்லே செய்ய வேண்டியிருக்கிறது.

நம் ‘ஆம்’ இருக்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பது ‘கிளெய்ம்’. சொல்கிறார், ஆனால் ஆதாரத்தை இன்னும் காணோம் என்ற தொனி அதில் உண்டு. சமூக ஊடகம் பதின்ம வயதினரைக் கெடுக்கிறது என்று கட்டுரையாளர் ‘கிளெய்ம்’ செய்கிறார் என உங்கள் மகள் எழுதினால், அடுத்த வரியில் அதை மறுக்கப் போகிறாள் என்று திருத்துபவர் எதிர்பார்ப்பார். அவளோ ‘நானும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொடர்ந்தால் இரண்டு வரிகளும் முட்டிக்கொள்ளும். சிவப்பு மையில் பாதி இதற்காகத்தான் இருக்கும்.

‘அசர்ட்’ என்பது நாம் ‘அடித்துச் சொல்கிறார்’ என்கிறோமே, அது. நம்பிக்கை நிறைய இருக்கும், காரணம் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே பத்தியில் கட்டுரையாளர் மூன்று காரணங்களை அடுக்கியிருந்தால் ‘அசர்ட்’ அவருக்குச் செய்யும் அநியாயம். அங்கே ‘ஆர்க்யூ’ வர வேண்டும். ‘அசர்ட்’டின் லத்தீன் மூலம் ரோமானியச் சட்டத்தில் ஓர் அடிமையைச் சுதந்திரமானவர் என்று உரிமை கோரி அறிவிப்பதற்கும் பயன்பட்டது. உரிமையை, அதிகாரத்தை நிலைநாட்டுவதற்கு இன்றும் ‘அசர்ட்’ வருவதை இதோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

‘மெய்ன்டெய்ன்’ லத்தீனில் கையில் பிடித்திருப்பது. ஒருவர் ஒரு கருத்தை முதல் தடவை சொல்லும்போது இந்தச் சொல் பொருந்தாது. பலமுறை சொல்லி, எதிர்ப்பு வந்தும் பிடியை விடாதிருந்தால்தான் பொருந்தும். விசாரணை முடியும்வரை தாம் நிரபராதி என்றே சொல்லிவந்தவருக்குச் சரியான வினை இது. தமிழில் ‘சாதிக்கிறார்’ நெருங்கி வரும். ஆனால் அதில் இருக்கும் கண்டனத் தொனி ‘மெய்ன்டெய்ன்’ சொல்லில் இல்லை.

‘இன்சிஸ்ட்’ லத்தீனில் ஒன்றின்மேல் நிற்பது. நாமும் ஒற்றைக் காலில் நிற்கிறான் என்கிறோம். யாராவது மறுத்திருக்க வேண்டும், குறைந்தது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதிர்ப்பே இல்லாத இடத்தில் இதைப் போட்டால், அவர் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று வாசகர் குழம்புவார்.

செய்தித்தாள்களில் வரும் ‘அலெஜ்’ தனி. இன்னும் நிரூபிக்கப்படாத குற்றத்தையோ தவறையோ சொல்லத்தான் அது பெரும்பாலும் வரும். ஒருவர் நன்றாகச் சமைப்பார் என்பதை யாரும் ‘அலெஜ்’ செய்வதில்லை.

மகளுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். வினையின்மேல் விரலை வைத்து மறைத்துவிட்டு, முதலில் காரணம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்கட்டும். அடுத்து, யாராவது மறுத்தார்களா என்று. கடைசியாக, தான் அதை நம்புகிறாளா என்று. மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் விரலை எடுத்தால், இருக்கும் சொல் சரியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவும் ஒட்டாவிட்டால் ‘ஸே’ அல்லது ‘ஸ்டேட்’ போதும். ஒரே கட்டுரையில் ‘ஸே’ நான்கு முறை வருவது, தவறான ‘கிளெய்ம்’ ஒரு முறை வருவதைவிட எவ்வளவோ மேல். ‘அக்கார்டிங் டு’ பிறர் கருத்துக்கு நல்ல மாற்று. தன் கருத்துக்கு அது ஆகாது. ‘அக்கார்டிங் டு மீ’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு ‘இன் மை வியூ’ என்று எழுதச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: ‘ஹி இன்சிஸ்டட் மீ டு கம்’ என்று மின்னஞ்சலில் எழுதினேன். மேலாளர் திருத்தினார், காரணம் சொல்லவில்லை.

காரணம் தமிழில் இருக்கிறது. ‘என்னை வரும்படி வற்புறுத்தினார்’ என்பதில் ‘என்னை’ இயல்பாக வருகிறது. அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் இந்தப் பிழை வரும். ‘இன்சிஸ்ட்’ ஆளை நேரடியாகப் பிடிக்காது. ‘ஹி இன்சிஸ்டட் தட் ஐ கம்’ அல்லது ‘ஹி இன்சிஸ்டட் ஆன் மை கமிங்’ என்று எழுதலாம். ‘மீ’ வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள்: ‘ஹி அர்ஜ்டு மீ டு கம்’.

அலுவலகக் கடிதத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘இன்சிஸ்டட் தட் ஷி அட்டெண்ட்’ என்றால் அவர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்ற கட்டளை. ‘தட் ஷி அட்டெண்டட்’ என்றால் அவர் போனார், அது உண்மை என்று சாதிப்பது. வினையின் கடைசியில் ஒரு சிறு ஒலி கூடினால் கட்டளை சாட்சியமாகிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் கட்டளைக்கு ‘ஷுட் அட்டெண்ட்’ என்று எழுதுங்கள், யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.

உறுதியளிப்பதைச் சொல்லும் ‘அஷ்யூர்’ ‘இன்சிஸ்ட்’டுக்கு நேரெதிர். அதற்கு ஆள் கட்டாயம் வேண்டும். ‘ஹி அஷ்யூர்டு தட்’ பிழை, ‘ஹி அஷ்யூர்டு அஸ் தட்’ சரி. வலியுறுத்துவதைச் சொல்லும் ‘எம்ஃபசைஸ்’ வினைக்குப் பின்னால் ‘ஆன்’ வராது.

உட்லண்ட்ஸ் வாசகர்: எங்கள் புளோக் மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுகிறது. நகர மன்றத்துக்கு எழுதும் கடிதத்தை ‘ஐ கிளெய்ம் தட்’ என்று தொடங்கலாமா? ‘ஐ அசர்ட்’ இன்னும் அழுத்தமாக இருக்குமா?

இரண்டும் வேண்டாம். ‘ஐ கிளெய்ம் தட்’ என்று எழுதினால் உங்கள் பேச்சை நீங்களே சந்தேகப்படுவதுபோல் ஒலிக்கும். ‘ஐ அசர்ட்’ நீதிமன்ற வாதம் மாதிரி இருக்கும். நடந்ததற்கு முன்னால் வினை எதுவும் தேவையில்லை. புளோக் எண், எந்த மின்தூக்கி, எந்தெந்தத் தேதிகளில் எத்தனை மணிக்கு, எந்த மாடியில், எவ்வளவு நேரம் நின்றது என்று நேராக எழுதுங்கள். அழுத்தம் அந்த விவரங்களிலிருந்து தானாக வரும். ‘ஐ இன்சிஸ்ட்’ முதல் கடிதத்தில் கூடவே கூடாது. பதில் வராமலோ மறுப்பு வந்தோ இரண்டாம் முறை எழுதும்போது அதற்கு இடம் இருக்கலாம்.

பணம் கேட்கும்போது ‘கிளெய்ம்’ வேறு சொல். மருத்துவச் செலவை ‘கிளெய்ம்’ செய்வதில் சந்தேக வாடையே கிடையாது. சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் சிங்கப்பூரின் ‘ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ஸ்’ என்ற பெயரிலும் அதே பொருள்தான். அங்கே 20,000 வெள்ளி வரையும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையும் கோரலாம். ‘கிளெய்ம்’ பின்னால் பொருளோ தொகையோ வந்தால் அது உரிமை. ‘தட்’ வந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

ஈசூன் வாசகி: சத்தியப் பத்திரத்தில் ‘ஸ்வேர்’ என்பதை அடித்துவிட்டு ‘அஃபர்ம்’ என்று வைத்தார்கள். என் வாக்குமூலம் பலவீனமாகிவிட்டதா?

ஆகவில்லை. ‘ஸ்வேர்’ கடவுளைச் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்வது. ‘அஃபர்ம்’ அப்படி வைக்காமல் மனப்பூர்வமாக உறுதிகூறுவது. சட்டத்தின் முன் இரண்டுக்கும் ஒரே எடை, பொய் சொன்னால் இரண்டிலும் குற்றம். மேல்முறையீட்டுச் செய்தியில் நீதிமன்றம் தீர்ப்பை ‘அஃபர்ம்’ செய்தது என்று வந்தால், கீழ் நீதிமன்றத்தின் முடிவு அப்படியே நிற்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.