அடிக்கிறவனாயிராமல்

அன்புள்ள அக்கா,

எங்கள் சபையில் அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல். இளைஞர்கள் சிலர் சேர்ந்து, வேதத்தில் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்கு, சொல்லப்பட்ட தகுதிகளை வைத்து, நிற்கிறவர்களுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். செயலாளர் பதவிக்கு நிற்கும் ஒருவரிடம் குழப்பம். ஆறு வருடம் பொருளாளராக இருந்தவர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொண்டவர். ‘ஒரே மனைவியையுடைய புருஷன்’ என்பதற்கு அவருக்கு மதிப்பெண் உண்டா? மூத்த மகன் ஆலயத்துக்கு வருவதில்லை. அதற்கு எவ்வளவு குறைக்கலாம்? ‘அடிக்கிறவன்’ என்ற கட்டத்தில் மட்டும் எல்லோருக்கும் கோடு போட்டுவிட்டோம். இந்தக் காலத்தில் யார் யாரை அடிக்கிறார்கள்? அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பி,

மறுமண விஷயத்தை விட்டுவிடுங்கள். துணை இறந்தபின் அந்தக் கட்டு இல்லை என்று பவுலே ரோமர் 7-இல் எழுதிவிட்டார். அந்த மகன் ஏன் வருவதில்லை என்று உங்களில் ஒருவராவது அவனிடம் போய்க் கேட்டீர்களா? உங்கள் வயதுப் பையனாகத்தான் இருப்பான். அவனைக் கேட்காமல் அவன் அப்பாவுக்கு எத்தனை குறைக்கலாம் என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் கோடு போட்டுத் தள்ளிய அந்த ஒரு கட்டத்துக்காக.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்களில் ஒருவர். குடும்பத்தோடு நீலகிரியில் கோத்தகிரிக்கு வந்து இங்கேயும் கொழுந்துதான் பறித்தார். வாசிக்கத் தெரியாது. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். ஒரு ஞாயிறு, “கண்காணியானவன் குற்றஞ்சாட்டப்படாதவனும்” என்று வாசித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் கேட்டார்: “கோயில்ல எதுக்குடி கங்காணியப் பத்தி வாசிக்கிறாங்க?”

கிரேக்கத்தில் அந்தச் சொல் எபிஸ்கொப்போஸ். மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். பிஷப் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ் வேதத்தில் கண்காணி என்று போட்டார்கள். நல்ல சொல். ஆனால் தோட்டத்தில் அது ஒரு ஆளின் பெயர். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டுபோனவன் கங்காணி. விடியுமுன், வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவனும் அவன்தான். தொழிலாளி பட்ட கடனைத் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதுவார்கள். அந்தக் கடனை யார் அடைக்கிறார்களோ அந்தத் தோட்டத்துக்குத்தான் அவர் போகமுடியும். 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அப்பாயி அதற்குப் பிறகு பிறந்தவர். ஆனாலும் துண்டு என்ற சொல் காதில் விழுந்தால் தன் அப்பாவின் முகம் மாறிவிடும் என்று சொல்வார்.

அன்று மாலை அந்தப் பகுதி முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்நியரை உபசரிக்கிறவன், போதக சமர்த்தன் எல்லாவற்றுக்கும் சும்மா இருந்தார். “அடிக்கிறவனும்… இராமல்” என்று வந்தபோது நிறுத்தச் சொன்னார். “அடிக்காத கங்காணியா?” மறுபடி வாசிக்கச் சொன்னார். பேதுருவின் நிருபத்தில் கிறிஸ்துவையே “உங்கள் ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்” என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அவருகிட்டதான் பேர் குடுக்கணும்” என்றார்.

அந்த மனுஷிக்குப் புரிந்தது உங்கள் அட்டவணைக்கு ஏன் புரியவில்லை?

அடிப்பது என்றால் கையால்தான் என்று யார் சொன்னது? கையாலும் அடித்திருக்கிறார்கள். அப்போஸ்தலரின் பெயரால் வழங்கும் பழைய சபை விதிகளில் 27-ஆவது, பாவம் செய்த விசுவாசியையோ தவறு செய்த அவிசுவாசியையோ பயமுறுத்துவதற்காக அடிக்கிற ஆயரையும் மூப்பரையும் பதவிநீக்கம் செய்யச் சொல்கிறது. நடக்காத காரியத்துக்கு யாரும் விதி எழுதமாட்டார்கள். அந்தியோகியாவில் பேர்பெற்ற பிரசங்கியான கிறிசோஸ்தோம் இந்த வசனத்துக்கு வந்தபோது, இது கையால் அடிப்பவரைச் சொல்லவில்லை, சமயம் பாராமல் சகோதரரின் மனச்சாட்சியை அடிக்கிறவரைச் சொல்கிறது என்றார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பே.

பிரசங்க பீடத்தில் நின்று, பேர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வீட்டை அடிப்பதை நீங்கள் கேட்டதே இல்லையா? ஓடிப்போய்க் கல்யாணம் செய்த பெண்ணின் தாய் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ராப்போஜனத்துக்கு எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். நான் கண்ணால் பார்த்தது இது.

அப்பாயி ஒரு மழைநாளில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துச் சாவி கேட்டு அப்பாவும் நானும் சபைப் பொருளாளர் வீட்டுக்குப் போனோம். அவர் சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னார், தேநீர் வந்தது. சந்தா நோட்டை எடுத்து, எங்கள் பேரைத் தேடி, விரலால் கட்டம் கட்டமாக எண்ணி, பதினான்கு மாதம் பாக்கி என்றார். ஜெபிக்கிற மனிதர். அவரும் கணக்கில் பிசகாதவர். அப்பா மழையில் இறங்கி, யாரிடம் கேட்பது என்று கொஞ்சநேரம் நின்றார். கடைசியில் தெருமுனை மளிகைக்கடைக்காரர் கொடுத்தார். அவர் எங்கள் சபையும் இல்லை, மதமும் இல்லை. பணம் கட்டி, ரசீது எழுதி, அதன்பிறகு சாவி வந்தது. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அது துண்டுதான், தம்பி. கடல் தாண்டித் திரும்பி வந்தவளுக்கு, மண்ணுக்குள் போக ஒரு துண்டு.

சந்தாவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். விளக்கு எரியவேண்டும், உபதேசியாருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், தெரியும். அதை எந்த நேரத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில்தான் அடிக்கிறவன் யார் என்று தெரிகிறது.

உங்கள் பொருளாளரை எனக்குத் தெரியாது. அவர் தங்கமான மனிதராகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அவருடைய ஆறு வருடத்தில் அடக்கம் நடந்த வீடுகள் சபைப் பதிவேட்டில் இருக்கும். அவற்றில் சந்தா பாக்கி இருந்த வீடுகளுக்குப் போங்கள். அட்டவணையைக் கொண்டுபோகாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்குச் சாவி எப்படிக் கிடைத்தது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா