ஊர் கோபப்பட்டது எதற்கு?

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகர்க்காரன். நம் பக்கத்து மீனவர் கிராமம் ஒன்றில் நடக்கும் நாவலைப் படமாக்க முயல்கிறேன். (நாவலின் பெயரை வெளியிட வேண்டாம்.) விதவை மருமகள் கர்ப்பமாகிறாள், மாமியார் அவளை விரட்டாமல் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். வெளிவந்தபோது பெரிய எதிர்ப்பு. “சர்ச்சையே அந்த உறவுதான், அதைக் காட்டு, மாமியார் யோசிக்கிற பக்கங்களை விட்டுடு” என்கிறார் தயாரிப்பாளர். சென்சாரை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தயாரிப்பாளர் சர்ச்சையைத் தவறான இடத்தில் தேடுகிறார்.

உங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனையே பாருங்கள். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் நிற்கும் கல்லூரிப் பெண் ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். காரில் நடந்ததைப் போன்றவை அதற்கு முன்பே எத்தனையோ கதைகளில் வந்தவைதான். பொறுக்க முடியாமல் போனது அந்தத் தண்ணீரை. தண்டிக்க வேண்டிய இடத்தில் ஒரு தாய் தண்டிக்கவில்லை, அதையும் எழுத்தாளர் சரி என்கிறார் என்பதுதான் கோபம்.

அந்த அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் பிறந்தது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது எழுத்து ஜெயகாந்தனுடையது. நாயகி கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். நாவலில் நாம் கங்காவின் மனசுக்குள்ளேயே இருக்கிறோம். படத்தில் அந்தச் சுமை ஒரு நடிகையின் முகத்துக்கு வந்துவிடுகிறது. எழுதியவரே கூட இருந்தாலும் அது சின்ன வேலை இல்லை.

உங்கள் நாவலிலும் ஊர் கோபப்பட்டது மருமகளின் உறவுக்காக இல்லை, மாமியாரின் முடிவுக்காக. அதை வெட்டினால் மிஞ்சுவது வழக்கமான கள்ளக்காதல் கதை. அதற்கு இந்த நாவல் எதற்கு?

அந்தப் பக்கங்களை அப்படியே படமாக்கவும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமியார் யோசிப்பதைப் பின்னணிக் குரலில் படித்துக் காட்டாதீர்கள், திரை ஊமையாகிவிடும். அவள் கையால் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டுபிடியுங்கள். ஜெயகாந்தன் கதையில் அந்த அம்மாவின் மனசு முழுக்க அந்தத் தண்ணீரில் வந்துவிட்டதே! மீன் விற்றுத் திரும்பும் உங்கள் மாமியார் எல்லோரும் பார்க்க மருமகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், அவளைக் கூட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போகலாம். உங்களுக்கு அந்த ஊர் தெரியும். என்னைவிட நல்ல காட்சி உங்களுக்குக் கிடைக்கும்.

சென்சாருக்கு வருவோம். புத்தகத்துக்கு வெளியிடும் முன் சான்று வாங்க வேண்டியதில்லை, படத்துக்கு வாங்க வேண்டும். சினிமா மற்ற கலைகளைவிட ஆழமாக உணர்ச்சியைக் கிளறுகிறது என்பதைக் காரணமாகக் காட்டி, திரைப்பட இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970இல் அதை ஏற்றது. அதே நீதிமன்றம் 1989இல், ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் தொடர்பான வழக்கில், போராட்டம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே பயந்துகொண்டு முன்கூட்டியே நீங்களே வெட்டாதீர்கள். தணிக்கை வாரியம் வெட்டச் சொன்னால் உயர் நீதிமன்றம் போகலாம். நீங்களாக வெட்டியதற்கு மேல்முறையீடு கிடையாது.

அப்புறம், நாவலாசிரியரிடம் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், எத்தனை ஆண்டுக்கு என்பதையும் சேர்த்து. காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான். படம் தள்ளிப்போனால் சிக்கல். முடிவை மாற்றுவதாக இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மன்னு பண்டாரி தன் இந்தி நாவலின் படத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில், 1986இல் டில்லி உயர் நீதிமன்றம், உரிமையை விற்ற பிறகும் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு என்றது. திரைக்குத் தேவையான மாற்றம் வேறு, சிதைப்பது வேறு. உங்கள் தயாரிப்பாளர் கேட்பது இரண்டாவது.

மாமியார் காட்சிகளை மட்டும் முதலில் எழுதி அவரிடம் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேறு தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரி