படிச்சிருந்தும் எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?

கேள்வி: நான் மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட். அம்மாவுக்கு 61 வயசு, ஒல்லியான உடம்பு, சுகர் உண்டு. போன மாசம் ஒரு ராத்திரி முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்குதுன்னாங்க. நெஞ்சு வலி இல்லன்னதால வாய்வுன்னு நெனச்சு கேஸ் மாத்திரை கொடுத்து, தைலம் தேச்சுப் படுக்க வெச்சேன். விடியறப்ப வேர்த்துக் கொட்டிருச்சு. ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வெச்சு இப்ப நல்லா இருக்காங்க. ஆனா "மருந்து படிச்சவதானே நீ"ன்னு அண்ணன் கேட்டது மனச அறுக்குது. எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கோ, எப்படிக் கண்டுபிடிக்கறது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அம்மா தப்பிச்சாங்கல்ல, அது பெரிய விஷயம்மா. அண்ணன் பயத்துல பேசியிருப்பார், விடுங்க.

சுகர் உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம அட்டாக் வரலாம்னு நீங்க படிச்சிருப்பீங்க, ஆனா நடுராத்திரியில கைகொடுக்கறது புக் இல்ல, மனசுல பதிஞ்ச படம்தான், அதுல எப்பவும் ஒரு தொப்பை வெச்ச ஆம்பள நெஞ்சைப் பிடிச்சிட்டு சாயுறார். இதை சினிமா மட்டும் வரையல, ஆராய்ச்சியும் சேர்ந்துதான் வரைஞ்சுது. அமெரிக்காவுல 1970கள்ல இதய நோயைத் தடுக்கறதுக்கு எம்ஆர்ஃபிட்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 12,866 பேர், அத்தனை பேரும் ஆண்கள். அப்புறம் ஆஸ்பிரின் கொடுத்தா அட்டாக் குறையுமான்னு 22,071 டாக்டருங்கள வெச்சுப் பார்த்தாங்க, அதுல ஒரு லேடி டாக்டர்கூட இல்ல. 44 சதவீதம் குறையுதுன்னு 1989ல ரிசல்ட் வந்துச்சு. அதே கேள்விய கிட்டத்தட்ட 40,000 பெண்கள வெச்சு பத்து வருஷம் பார்த்து 2005ல சொன்னாங்க பாருங்க, முதல் அட்டாக் குறைஞ்ச மாதிரி தெரியல, பக்கவாதம்தான் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. (டோஸ் வேற, 325க்குப் பதிலா 100 மில்லிகிராம், பார்மசிஸ்ட்கிட்ட அதை மறைக்கக்கூடாது.) இடையில 16 வருஷம்! யாரும் பொய் சொல்லல, ஆனா பாதிப் பேரைக் கேக்காமலே பதில் எழுதி வெச்சிருந்தாங்க.

ஒல்லியா இருந்தா வராதுங்கறதும் இந்த மாதிரிதான். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்கற அளவு, 25 வரைக்கும் நார்மல்ங்கற கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய உடம்பை வெச்சு வந்தது, நம்ம மாதிரி ஆசியக்காரங்களுக்கு 23லயே கவனமா இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 2004ல சொல்லிருச்சு.

அதனால இனிமே எதைப் படிச்சாலும் இதை யாரை வெச்சுப் பார்த்தாங்கன்னு முதல்ல பாருங்க, வயசானவங்க இருந்தாங்களா, பெண்கள் எத்தனை பேர், கிட்னி பிரச்சனை உள்ளவங்கள வெளிய தள்ளிட்டாங்களா. அதுக்காக பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலியே வராதுன்னு அந்தப் பக்கம் சாஞ்சுடாதீங்க, அவங்களுக்கும் பெரும்பாலும் நெஞ்சுலதான் ஆரம்பிக்கும், கூடவே மூச்சு, குமட்டல், முதுகு, தாடைன்னு மத்ததும் சேந்து வர்றது அதிகம், அதுதான் ஆளைக் குழப்பிடுது.

புக்கை விட எனக்குக் கவலை உங்க கவுன்ட்டர் அனுபவம்தான். கேஸ் மாத்திரை வாங்கிட்டுப் போய் சரியானவங்க திரும்ப வந்து "அதே மாத்திரை கொடும்மா"ன்னு கேப்பாங்க, சரியாகாதவங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க, "உன் மாத்திரை கேக்கல"ன்னு சொல்றதுக்கு யாரும் வரமாட்டாங்க. வருஷக்கணக்கா இப்படியே பார்த்தா வாய்வுன்னு வர்றதெல்லாம் வாய்வுதான்னு மனசு தீர்ப்பு எழுதிடும், அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சு இழுத்தது அதுதான்னு நெனக்கிறேன். அதனால நாப்பது தாண்டினவங்க கேஸ் மாத்திரை கேட்டா சும்மா எடுத்துக் கொடுக்காதீங்க, சுகர் இருக்கா, வேர்க்குதா, படி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேளுங்க, ஒண்ணுக்கு ஆமான்னாலும் உடனே போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பேர் முறைப்பாங்க, பரவால்ல.

இன்னொண்ணு. அம்மாவுக்கு 65க்கு முன்னாடியே வந்திருக்கறதால அது உங்க ரெண்டு பேருக்கும் குடும்ப ரிஸ்க் கணக்குல சேரும். பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பார்த்துடுங்க. அண்ணன் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"னு நழுவுவார், விடாதீங்க, இழுத்துட்டுப் போங்க.