பாட்டில், லாக், கேரியர், மட்கார்டு மாட்டியதும் ஓசூர் ஏற்றத்தில் ரோடு பைக் சைக்கிள் கனக்கிறதா?

முதலில் யூ-லாக் என்ற U வடிவ இரும்புப் பூட்டைக் கழற்றுங்கள். அது ஒன்றே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். அடுத்தது தண்ணீர். இரண்டு 750 மில்லி பாட்டில் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. கிருஷ்ணகிரியில் ஒன்றை மட்டும் நிரப்பிக் கிளம்பி, சூளகிரியில் மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாம் சேர்ந்து நாலு கிலோ ஏறியிருந்தாலும், உங்கள் உடம்பையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து சதவீதம்போலத்தான் வரும். வண்டி பின்னாலிருந்து இழுப்பதுபோல இருந்தால், புது மட்கார்டு டயரில் உரசுகிறது என்றே நினைக்கிறேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். சர்சர்ரென்று சத்தம் வந்தாலோ சட்டென நின்றாலோ, மட்கார்டு கம்பியின் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். பிரேக் கட்டையையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பேர் டியூப், சின்ன பம்ப், பின்விளக்கு மூன்றையும் மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள். சேர்ந்து அரைக் கிலோகூட வராது. அந்த நெடுஞ்சாலையில் லாரிகள் விடாமல் ஓடுகின்றன.