மூன்றாவது லோடு வரட்டும்

கேள்வி: அட்டைப்பெட்டிக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் ரேட் குறைவு, ஆனால் கேட்டதற்குப் பதில் வராது. இன்னொருவரிடம் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் இருக்கிறது. மூன்றாமவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. விசாரித்தே ஒரு மாதம் ஓடிவிட்டது. யாருக்குக் கொடுப்பது?

பதில்: இருபத்திரண்டு வருடமாக பர்ச்சேஸில் இருக்கிறேன். எல்லா விவரமும் தெரிந்துகொண்டு நான் ஆர்டர் கொடுத்த சப்ளையர் ஒருவர்கூடக் கிடையாது. 'இவர் நல்லவரா' என்று விசாரித்துக்கொண்டே இருந்தால் முடிவே வராது. இவர் சொதப்பினால் நமக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு, தாங்குகிற அளவுக்கு முதல் ஆர்டரைச் சுருக்குங்கள்.

ஐ.எஸ்.ஓ. 9001 என்பது வேலை நடக்கும் முறைக்கான சான்று. பெட்டி பாரம் தாங்கும் என்று அது சொல்லவில்லை. தேதியையும், எந்த வேலைக்கு என்று போட்டிருப்பதையும் பாருங்கள். எனக்கு வந்த ஒன்றில் 'விற்பனை' மட்டும்தான் இருந்தது. ஆள் வேறு எங்கோ வாங்கி விற்பவர்!

மூவரிடமும் 'கடைசியாகத் திரும்பி வந்த லோடு எது, ஏன் வந்தது?' என்று கேளுங்கள். 'எங்களுக்கு அப்படி வந்ததே இல்லை' என்பவரை நான் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். 'பசை விட்டுப்போச்சு சார், மாத்திக் கொடுத்தோம்' என்பவரிடம் உட்கார்ந்து பேசலாம்.

சாம்பிளை யாரும் மோசமாகக் கொடுப்பதில்லை. அதனால் நீங்களும் சப்ளையரும் அதில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு வந்ததும் சாம்பிளிலும் புதுப் பெட்டியிலும் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி, கிராம் தராசில் வையுங்கள். (ஈரம் இருந்தால் எடை கூடக் காட்டும். காயவிட்டு வையுங்கள்.) எனக்கு ஒருவர் கொடுத்த ஐந்து ப்ளை (ஐந்து அடுக்குக் காகிதம்) சாம்பிள் 9 கிராம். முதல் இரண்டு லோடும் அப்படியே. மூன்றாவதில் ஏழரை! குடோனில் அடியில் இருந்த பெட்டிகள் அப்பளமாக நசுங்கிக் கிடந்தன. அன்றிலிருந்து மூன்று லோடு தாண்டாமல் யாரையும் 'நம்ம சப்ளையர்' என்று சொல்வதில்லை.

உங்கள் விஷயத்தில், பதிலே சொல்லாதவரை விட்டுவிடுங்கள். மற்ற இருவருக்கும் ஆர்டரைப் பிரித்துக் கொடுங்கள். ரேட் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. அதை விசாரணைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல சப்ளையர் அமைந்துவிட்டால் எல்லாவற்றையும் அவரிடமே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் செய்கி என்ற கார் உதிரிபாக கம்பெனியின் ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும் ஒரு சின்ன வால்வு கிட்டத்தட்ட மொத்தமும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் சில நாள் நின்றுபோயின. ஐசின் ஒன்றும் மோசமான சப்ளையர் இல்லை. இரண்டாவது ஆளுக்கும் அவ்வப்போது சின்ன ஆர்டர் போகட்டும். பெட்டி வெட்டும் டை (அச்சு) ஒன்று அவரிடமும் இருக்கட்டும்.